செடி வாடுகிறது, சென்சார் ஈரம் என்கிறது: வாசகர் கேள்விகள்

சொட்டுநீர்க் குழாயோடு மண் ஈர சென்சாரையும் தாங்களே பொருத்திக்கொண்ட வாசகர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். கடிதங்களை வரிசையாகப் படித்தபோது எல்லாருக்கும் சேர்த்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடத் தோன்றியது. எந்த சென்சாரும் தோட்டத்து மண் முழுவதையும் பார்ப்பதில்லை. தன் பட்டையை ஒட்டியிருக்கும் மெல்லிய மண் படலம்தான் அதற்குத் தெரியும். எண் தப்பாக வந்தால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒயர், புரோகிராம், வைஃபை எல்லாம் அப்புறம்.

கேள்வி: கருப்புப் பட்டை வடிவ கெப்பாசிட்டிவ் சென்சார் மூன்று வாங்கினேன். ஒரே தொட்டியில் பக்கம் பக்கமாகச் செருகினாலும் மூன்றும் மூன்று எண் காட்டுகின்றன. ஒன்று தண்ணீரில் முக்கினாலும் அசைவதில்லை. இன்னொன்று மெல்ல மெல்ல இறங்கி, வெகுநேரம் கழித்துத்தான் ஓர் எண்ணில் நிற்கிறது. எதை நம்புவது சார்?

மூன்றும் வேறு வேறு எண் காட்டுவது கோளாறே இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். அசையாததையும் மெதுவாக அசைவதையும் முதலில் கவனிப்போம். மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தாமலே ஈரத்தை உணரும் இந்தக் கெப்பாசிட்டிவ் வகை சென்சார் போர்டில் அடிக்கடி வரும் தயாரிப்புக் குறைகள் இவை.

அசையாத சென்சாரைக் கையில் எடுங்கள். மேல் பகுதியில் எட்டுக் கால் உள்ள சின்ன சிப் ஒன்று இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் பார்த்தால் அதன் மேல் உள்ள எழுத்து தெரியும். டிஎல்சி555 என்று இருந்தால் நல்லது. அது 2 வோல்ட்டிலேயே ஓடும். என்இ555 என்று இருந்தால் அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். ஆனால் சென்சார் போர்டில் வோல்டேஜை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் 3.3 வோல்ட்தான் கொடுக்கிறது. அந்த சிப்பால் அதில் ஒழுங்காக ஓட முடியாது. அதனால்தான் மண்ணில் வைத்தாலும் தண்ணீரில் வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதைச் சரிசெய்வதில் நேரத்தை வீணாக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

மெதுவாக இறங்குகிறதே, அதற்குக் காரணம் வேறு. வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். பல போர்டுகளில் ரெசிஸ்டர் இருக்கும், ஆனால் அதன் ஒரு முனை கிரவுண்டோடு சேர்ந்திருக்காது. உள்ளே தேங்கிய மின்னூட்டம் வெளியேற வழியில்லாமல் எண் ஊர்ந்து ஊர்ந்து இறங்குகிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அனலாக் வெளியீட்டுப் பின்னுக்கும் கிரவுண்ட் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். கிட்டத்தட்ட 1 மெகா ஓம் காட்டினால் சரி. இணைப்பே இல்லை என்று காட்டினால், அந்த இரண்டு பின்னுக்கும் குறுக்கே வெளியிலிருந்து ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டரை சால்டர் செய்துவிடுங்கள். அதோடு சரியாகிவிடும்.

இனி, மூன்று எண் விஷயம். இந்தச் சென்சார்கள் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சரிபார்க்கப்பட்டு வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல் எழுதி வைப்பதைத் தவிர வழியில்லை. காற்றில் ஓர் எண், தம்ளர் தண்ணீரில் ஓர் எண் என்று குறித்துக்கொண்டு நடுவில் உள்ளதைச் சதவீதமாகப் பிரிக்கச் சொல்லிப் பலரும் கற்றுக்கொடுக்கிறார்கள். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது போதும். தண்ணீர் பாய்ச்சும் முடிவுக்கு அது போதாது. உங்கள் செடி காற்றிலும் வளரவில்லை, தம்ளரிலும் வளரவில்லை.

உங்கள் தொட்டியில் இருக்கும் அதே மண்ணை எடுத்து, நல்ல வெயிலில் பரப்பிக் காயவைத்து, கட்டியில்லாமல் உதிர்த்து ஒரு டப்பாவில் அழுத்தி நிரப்புங்கள். சென்சாரைச் செருகி எண்ணைக் குறியுங்கள். அடியில் ஓட்டை போட்ட இன்னொரு டப்பாவில் அதே மண்ணை அதே அளவுக்கு அழுத்தி, தண்ணீர் வழியும்வரை ஊற்றி, இரவு முழுக்க வடியவிடுங்கள். காலையில் அந்த மண் தன்னால் பிடித்துவைக்க முடிந்த அளவு ஈரத்தோடு இருக்கும். அந்த எண் உங்கள் மேல் எல்லை. மூன்றாவது எண்தான் மிக முக்கியம். செடி உள்ள தொட்டியில் தண்ணீர் விடாமல் காத்திருங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ‘இன்றைக்கு ஊற்றித்தான் ஆக வேண்டும்’ என்று கை சொல்லும் நாளில் சென்சார் என்ன காட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரை அந்த எண்ணில் போடுங்கள். சென்சார் பட்டையின் பின்புறம் மார்க்கர் பேனாவால் இந்த மூன்று எண்ணையும் எழுதிவிட்டால், வருஷம் கழித்து மாற்றும்போது தேட வேண்டியிருக்காது.

இந்த வகையில் காய்ந்த மண்ணுக்கு எண் ஏறும், ஈர மண்ணுக்கு இறங்கும். சதவீதம் தலைகீழாக வருகிறது என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில்.

கேள்வி: இரண்டு கால் உள்ள பழைய வகை சென்சார். பொருத்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கால் மட்டும் கருத்து அரித்துவிட்டது. எப்போதும் ‘காய்ந்துவிட்டது’ என்றே காட்டுகிறது.

ஈர மண்ணில் இரண்டு உலோகக் கால் வைத்து, ஒரே திசையில் விடாமல் மின்சாரம் செலுத்தினால் மின்னாற்பகுப்பு நடக்கும். பாசிட்டிவ் பக்கத்துக் கால் கரைந்துகொண்டே போகும். அரித்த காலில் மின்சாரம் போக வழி குறைவதால், சென்சார் அதை வறட்சி என்று எடுத்துக்கொள்கிறது. மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும்.

மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்காமல், புரோகிராம் ஓடும் போர்டின் ஒரு பின் வழியாகக் கொடுத்து, அளவெடுக்கும் அந்த ஒரு நொடி மட்டும் ஆன் செய்தால் ஆயுள் கூடும். அரைமணிக்கு ஒருமுறை அளந்தால் தோட்டத்துக்குத் தாராளம். ஆனாலும் நிரந்தரமாக மண்ணில் விட்டுவைக்க இந்த வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க நல்ல சாமான். தோட்டத்துக்குக் கெப்பாசிட்டிவ் வகைக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: உரம் கரைத்து ஊற்றிய நாளில் மட்டும் சென்சார் ஈரத்தை அதிகமாகக் காட்டுகிறது. ஏன்?

உரம் என்பது உப்பு. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரண்டு கால் சென்சார் அளப்பதே அந்தக் கடத்துதிறனைத்தான். அதனால் நன்றாக ஏமாறும். கெப்பாசிட்டிவ் வகையும் கொஞ்சம் ஏமாறும். உரம் போட்ட அன்றைக்கும் மறுநாளும் எண்ணைப் பார்க்காமல் கையை நம்புங்கள்.

கேள்வி: ஐயா, ஆப்பில் ஈரம் 65 சதவீதம் என்று இருக்கிறது. தக்காளிச் செடியோ வாடித் தொங்குகிறது. பக்கத்துத் தொட்டியில் இதற்கு நேர்மாறு: தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஆகியும் சென்சார் ‘வறண்டது’ என்கிறது. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு சென்சாரும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். வைத்த இடம்தான் வேறு.

முதலில் தக்காளி. எந்த நேரத்தில் வாடுகிறது? உச்சி வெயிலில் தொங்கி, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது. வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் அதிகம், அவ்வளவுதான். காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்படியென்றால் சென்சாரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வேர் இருக்கும் ஆழத்துக்கு ஒரு கரண்டி மண்ணைத் தோண்டி எடுங்கள். அது காய்ந்திருந்தால், சென்சார் சொட்டு விழும் இடத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சொட்டுவாயின் அடியில் மண் எப்போதும் நனைந்தே இருக்கும், அதை மட்டும் பார்த்து சென்சார் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. சொட்டுவாயிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி, வேர் அதிகம் உள்ள ஆழத்தில் வையுங்கள். மணல் மண்ணாக இருந்தால் இன்னும் கிட்டத்தில் வைக்கலாம். மணலில் நீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கிவிடும். களிமண்ணில் அகலமாகப் பரவும். தோண்டிய மண் சேறாக இருந்து, மோந்து பார்த்தால் புளித்த வாடை அடித்தால் விஷயம் தலைகீழ். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது, சென்சார் சொன்னது உண்மை. ஒரு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள்.

அப்புறம், அந்த 65 சதவீதம். ஆப் காட்டும் சதவீதம் பெரும்பாலும் காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே பிரித்த வெறும் விகிதம். மண்ணின் கொள்ளளவில் எத்தனை பங்கு நீர் என்பதை அது சொல்வதில்லை. உண்மையான கொள்ளளவுக் கணக்கில் பார்த்தாலும் ஒரே எண் எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. மணல் மண் நன்றாக வடிந்தபின் அதில் நிற்கும் நீரே 10 முதல் 15 சதவீதம்தான். களிமண்ணில் 35, 40 சதவீதம் நிற்கும். ஆனால் ஈரம் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும்போதே மிச்ச நீரை மண் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வேரால் இழுக்க முடியாது. 20 சதவீதம் என்றால் மணலில் செடி குளித்துக்கொண்டிருக்கிறது, களிமண்ணில் செத்துக்கொண்டிருக்கிறது. வேறொருவர் தோட்டத்து எண்ணை உங்கள் ஆப்பில் போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

இனி, பக்கத்துத் தொட்டி. அதில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம் கலந்த கலவை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கலவை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் சுவரைவிட்டு விலகும். ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி அடியில் வழிந்துவிடும். நடுவில் உள்ள கலவை நனைவதே இல்லை. சென்சாரைச் சுற்றியும் இதேபோல் ஓர் இடைவெளி விழுந்திருக்கும். கெப்பாசிட்டிவ் சென்சார் தன்னைச் சுற்றியுள்ள பொருளின் மின்காப்பு மாறிலியை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்க அந்தப் பொருள் எவ்வளவு உதவும் என்ற எண்ணை, வைத்துத்தான் ஈரத்தைக் கண்டுபிடிக்கிறது. தண்ணீருக்கு அது கிட்டத்தட்ட 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. பட்டையை ஒட்டி மயிரிழை அளவு காற்று நுழைந்தாலே அந்த 1 கணக்கில் சேர்ந்து ஈரத்தைக் குறைத்துக் காட்டும்.

தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் இறக்கி வைத்துக் கலவை முழுதும் ஊறவிடுங்கள். அப்புறம் சென்சாரை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். காய்ந்த மண்ணில் அழுத்திக் குத்தக் கூடாது. பட்டை கீறும், ஆடி ஆடி ஓட்டையும் பெரிதாகும். பட்டை அகலத்துக்கு ஒரு தகட்டால் பிளவு போட்டு, அதே கலவையைத் தண்ணீரில் குழைத்துக் கூழாக ஊற்றி, அதற்குள் சென்சாரை இறக்கி, இரண்டு பக்கமும் விரலால் அமுக்குங்கள். இரண்டு நாள் கழித்து வரும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேள்வி: மோட்டார் ஓடும்போது மட்டும் எண் தாறுமாறாகக் குதிக்கிறது. நின்றதும் சரியாகிவிடுகிறது.

சென்சார் ஒயரும் மோட்டார் ஒயரும் ஒரே குழாய்க்குள் போகின்றனவா? பிரித்துவிடுங்கள், குறைந்தது ஒரு முழம் தள்ளி. இரண்டும் குறுக்கிட வேண்டியிருந்தால் ஒன்றின் மேல் ஒன்று நேர்க்குறுக்காகப் போகட்டும். அடுத்து, மோட்டார் ஓடும்போது போர்டுக்கு வரும் வோல்டேஜை அளந்து பாருங்கள். ஒரே அடாப்டர் இரண்டையும் சுமந்தால் மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரியும். சென்சார் எண்ணும் அதோடு சரியும். தனி அடாப்டர் வையுங்கள், ஆனால் சென்சாருக்கும் போர்டுக்கும் கிரவுண்ட் ஒன்றாக இருக்க வேண்டும்.

தண்ணீரைத் திறந்து மூட மின்சார வால்வு வைத்திருந்து, அது டிசி வால்வாக இருந்தால் அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு போடுங்கள். வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். ஏசி வால்வில் இதைச் செய்யக் கூடாது. வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும் மோட்டாரின் இணைப்பில் நீங்களே கைவைக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம்விட எளிய வழியும் உண்டு. மோட்டார் நிற்கும்போது மட்டும் அளக்கும்படி புரோகிராமை மாற்றுங்கள். ஒன்றுக்குப் பதில் ஒன்பது தடவை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டால் ஒற்றைக் குதிப்புகள் தானாக விழுந்துவிடும்.

கேள்வி: மேசையில் வைத்துச் சோதித்தபோது ஈஎஸ்பி32 போர்டு ஒழுங்காக அளந்தது. வைஃபை சேர்த்ததும் அளவே வருவதில்லை.

வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி பகுதி அந்த போர்டில் இரண்டு உண்டு. சென்சாரை ஏடிசி2 பின்னில் கொடுத்திருப்பீர்கள். வைஃபை ஓடும்போது அந்தப் பின்கள் அளக்காது. 32 முதல் 39 வரையுள்ள பின்களில் ஒன்றுக்கு மாற்றுங்கள், அவை ஏடிசி1.

கேள்வி: ரிலே டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. இன்னொன்றும் நடந்தது: ஒரு நாள் எலி ஒயரைக் கடித்துவிட்டது போலிருக்கிறது, இரவு முழுக்கத் தண்ணீர் ஓடிப் பாத்தி குளமாகிவிட்டது.

ரிலே என்பது மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் மின்சுவிட்ச். அதன் டிக் டிக்குக்குக் காரணம், ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் ஒரே எண்ணை வைத்திருப்பது. இரண்டு எண் வையுங்கள், நடுவில் நல்ல இடைவெளி விட்டு. ஒருமுறை பாய்ச்சிய பிறகு 30 நிமிஷமாவது காத்திருந்து அளக்கச் சொல்லுங்கள். மேலே விழுந்த நீர் வேருக்கு இறங்க நேரம் வேண்டும். அதுவரை சென்சாருக்குத் தெரியாது.

இரண்டாவது விஷயத்தை எல்லாரும் கவனமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்சார் ஒன்றின் சொல்லை மட்டும் கேட்டு மோட்டாரை ஓடவிடாதீர்கள். ஒயர் அறுந்தால் பல அமைப்புகள் அதை ‘வறண்ட மண்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரே இரவில் வேரும் அழுகும், தண்ணீர்த் தொட்டியும் காலியாகும், காற்று இழுத்து மோட்டாரும் புகையும். புரோகிராமில் மூன்று பூட்டுப் போடுங்கள். ஒரு தடவைக்கு இத்தனை நிமிஷத்துக்கு மேல் ஓடக் கூடாது. ஒரு நாளைக்கு மொத்தம் இத்தனை நிமிஷத்துக்கு மேல் ஓடக் கூடாது. காற்றில் குறித்த எண்ணையும் தண்ணீரில் குறித்த எண்ணையும் தாண்டி எது வந்தாலும் அதை ஈரமாகவும் எடுக்காமல் வறட்சியாகவும் எடுக்காமல், பழுது என்று வைத்து மோட்டாரை நிறுத்திவிட்டு உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். போர்டே உறைந்துபோனால் இந்தப் பூட்டுகளும் வேலை செய்யாது. அதனால் மோட்டார் லைனில் தனியாக ஒரு டைமர் சுவிட்சும் இருக்கட்டும்.

கேள்வி: ‘வாட்டர்மார்க்’ வகை சென்சார் எப்போதும் 199 என்றே காட்டுகிறது. நண்பரின் டென்சியோமீட்டரோ 0 விட்டு நகர்வதில்லை.

இவை இரண்டும் ஈரத்தின் அளவைச் சொல்பவை அல்ல. நீரை இழுக்க வேர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை சென்டிபார் என்ற அழுத்த அலகில் சொல்பவை. எண் கூடக் கூட வறட்சி. 10 முதல் 30 என்றால் போதுமான ஈரம், 30 முதல் 60 என்பது பெரும்பாலான மண்ணில் பாய்ச்ச வேண்டிய கட்டம். கனத்த களிமண் என்றால் 60ஐத் தாண்டியும் காத்திருக்கலாம்.

199 என்பது அந்த மீட்டரின் உச்சி. ஒயர் அறுந்திருந்தாலும் அதே எண்தான் வரும். சென்சாரைப் பிடுங்கி ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்கப் போடுங்கள். 5க்குக் கீழே இறங்கினால் சென்சார் நன்றாக இருக்கிறது, மண்ணோடு ஒட்டாமல்தான் நின்றிருக்கிறது. நனைந்தபடியே, குழைத்த மண் ஊற்றித் திரும்ப நடுங்கள். இறங்காவிட்டால் ஒயர் இணைப்பைப் பாருங்கள்.

நண்பரின் டென்சியோமீட்டரில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். 80 சென்டிபாருக்கு மேல் மண் காய்ந்தால் பீங்கான் முனை வழியாகக் காற்று ஏறிவிடும், அப்புறம் முள் எழும்பாது. கொதிக்கவைத்து ஆறிய நீரை நிரப்பி, குமிழிகளை வெளியேற்றி மூடச் சொல்லுங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பீங்கான் முனையை எண்ணெய்க் கையால் தொடவே கூடாது.

கேள்வி: பல மாதம் நன்றாக உழைத்த கெப்பாசிட்டிவ் சென்சார் இப்போது காய்ந்த மண்ணிலும் ‘ஈரம்’ என்கிறது. துடைத்து வெளியே வைத்தாலும் அதே எண்.

பட்டையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு முகத்திலும் கருப்புப் பூச்சு இருக்கும். வெட்டிய ஓரத்தில் மட்டும் பூச்சு இல்லாமல் கண்ணாடி இழை வெறுமையாகத் தெரியும். அந்த ஓரத்தின் வழியாகத்தான் நீர் உள்ளே ஊறுகிறது. நாளானதும் பூச்சுக்கு அடியில் வெளிறிய திட்டுகள் தெரியும், நகத்தால் தடவினால் ஓரம் லேசாக உப்பியிருக்கும். நீர் போர்டுக்குள்ளேயே இருப்பதால் வெளியே எடுத்தாலும் ஈரம் என்றுதான் சொல்லும்.

நிழலில் காற்றோட்டமாக நான்கைந்து நாள் உலரவிடுங்கள். முதல் நாள் குறித்துவைத்த ‘காற்று’ எண்ணுக்குத் திரும்பி வந்தால் பிழைத்தது. ஓரம் முழுவதும் எப்பாக்ஸியோ, அது இல்லாவிட்டால் நெயில் பாலிஷோ இரண்டு மூன்று பூச்சுக் கொடுங்கள். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. சிப் உள்ள தலைப்பகுதிக்கு சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டு, ஒயர் வெளிவரும் வாயை எப்பாக்ஸியால் அடையுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பசையை அங்கே தடவாதீர்கள், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். பூசிய பிறகு எண்கள் கொஞ்சம் மாறியிருக்கும். அதனால் மூன்று அளவையும் புதிதாக எடுத்து, பழையவற்றை அடித்துவிட்டு எழுதுங்கள். நடும்போது பட்டையில் உள்ள கோட்டுக்கு மேல் மண் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் கழித்தும் காற்று எண் திரும்பவில்லையென்றால் அந்தச் சென்சாரை விட்டுவிடுங்கள். அடுத்ததை வாங்கியதும், மண்ணில் செருகும் முன்பே ஓரத்தைப் பூசிவிடுங்கள்.